பதினோரு மஞ்சள் கோடுகள்

உலகத்தில் ஏமாற்ற முடியாத ஒரே மனிதன் லிஃப்ட் மெக்கானிக்தான் என்பது அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் முடிவு. இதை அவன் பெருமைக்காகச் சொல்வதில்லை. பூமி உருண்டை என்று சொல்கிற அதே குரலில்தான் சொல்வான். காரணமும் கையில் வைத்திருந்தான். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் லிஃப்டுக்குள் ஏறியதும், சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். அவன் ஒருவன்தான் சட்டத்தின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறான். பதினான்கு வருட அனுபவத்தில் அவன் கண்டறிந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்: சட்டம் எவ்வளவு பளபளப்போ, மேலே கயிறு அவ்வளவு மோசம்.

பின்பக்கம் பார்ப்பதற்கென்று அவனிடம் ஒரு கருவி இருந்தது. இழுத்தால் நீளும் கம்பி, அதன் நுனியில் பிஸ்கட் அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி. மோட்டாருக்குப் பின்னால், கதவு இடுக்கில், தலை நுழையாத எல்லா இடத்திலும் அதை நுழைப்பான். பழக்கம் முற்றிப்போய், ஓட்டலில் சாப்பிடப் போனாலும் மேஜைக்கு அடியில் ஒருமுறை விட்டுப் பார்ப்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு ஒரு மகள். வயது இரண்டு, மாதம் பத்து. வீட்டில் எல்லோரும் அவளை நட்டு என்று அழைத்தார்கள். கையில் பிடித்து வைத்தால் எப்படியோ நழுவி, தேடவே முடியாத மூலைக்கு உருண்டு போய்விடுவாள் என்பதால் வந்த பெயர். நட்டுவின் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பிரசவத்துக்கு எடுத்த விடுப்பு நீண்டு நீண்டு, அதற்கு மேல் நீட்ட முடியாத இடத்துக்கு வந்திருந்தது. அடுத்த மாதம் முடிந்து வரும் ஒன்றாம் தேதி வரவில்லை என்றால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று நிலையத்திலிருந்து மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் நட்டுவை எங்கே விடுவது, விடும் வயதுதானா என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

தெருவில் விசாரித்ததில் இரண்டு கட்சி இருப்பது தெரிந்தது. ஒரு கட்சி, குழந்தை உட்கார ஆரம்பித்ததுமே கொண்டுபோய் விட வேண்டும், நிற்கிற வரை காத்திருந்தால் மூளை ஆறிவிடும் என்றது. இன்னொரு கட்சி, நாலரை வயதுக்கு முன்னால் குழந்தை கண்ணில் சிலேட்டே படக் கூடாது என்றது. இரண்டு கட்சியிலும் இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்திருந்தது ஒரே இடத்தில்தான். ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். எனவே கண்ணாடியும் மனைவியும் அங்கே போனார்கள்.

அதைப் பள்ளிக்கூடம் என்று சொல்லக் கூடாது. வாசலிலேயே திருத்தினார்கள். அது ஒரு வளர்சூழல். அங்கே டீச்சர் என்று யாரும் கிடையாது, வழித்துணைகள்தான் உண்டு. வகுப்பறை கிடையாது, கூடு உண்டு. மணி அடிக்க மாட்டார்கள், ஒலி எழும்.

சேர்க்கை அலுவலகத்தில் நாற்காலிகள் எல்லாம் முழங்கால் உயரம். குழந்தையின் கண்ணோட்டத்தில் உலகைப் பார்க்கப் பெற்றோருக்கு ஒரு வாய்ப்பு என்று சுவரில் எழுதியிருந்தது. சேர்க்கை அலுவலருக்கு மட்டும் சுழல் நாற்காலி. அவர் உலகத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டார் போலும்.

கண்ணாடிக்கு முன்னால் எட்டு மாத வயிற்றோடு ஒரு பெண் இருந்தாள். இவ்வளவு தாமதமாக வந்ததற்கு என்ன காரணம் என்று அலுவலர் அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்து கைகோத்தபடி ஓர் இளம் ஜோடி. நிச்சயம் முடிந்திருந்தது, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு மாதம். அலுவலர் எழுந்து நின்று அவர்களை வரவேற்றார். திட்டமிட்ட குடும்பம் என்று 'அ' பிரிவில் பதிந்து, கடைசியாக இருந்த பத்தொன்பதாவது இடத்தை அவர்களுக்குக் கொடுத்தார். குழந்தை வந்து உட்காரும் வரை அந்த நாற்காலி காலியாகவே காத்திருக்குமாம். நட்டு ஏற்கெனவே பிறந்துவிட்டபடியால் 'ஈ' பிரிவு. காத்திருப்போர் பட்டியல்.

"ரெண்டு வருஷம் பத்து மாசம். இத்தனை நாளா என்ன சார் பண்ணிட்டு இருந்தீங்க?"

"வளத்துக்கிட்டு இருந்தோம்."

அலுவலர் அதை 'முறைசாரா முன் அனுபவம்' என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு பெற்றோர் குழுவாகச் சுற்றிக் காட்டப்பட்டார்கள். காட்டியவர் தலைமை வழித்துணை அம்மையார். கசங்காத உடை, கசங்காத குரல். முன்கூடத்தில் முப்பத்தொரு சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கும்போது கண்ணாடி தன் கம்பியை நீட்டி, இருப்பதிலேயே பெரிய சட்டத்தின் பின்னால் விட்டுப் பார்த்தான். சுவரில் ஈரம் ஊறிப் பெயர்ந்திருந்தது. அவன் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். மனைவி பார்க்காத மாதிரி நின்றாள்.

"நாங்க குழந்தைங்களுக்கு எதையும் கத்துக்குடுக்கிறது இல்ல. இதை முதல்லயே தெளிவா சொல்லிடறேன்" என்று அம்மையார் தொடங்கினார். "மத்த எடத்துலயும் கத்துக்குடுக்காமதான் இருக்காங்க. ஆனா அவங்க தெரியாம அப்படிச் செய்றாங்க. எங்ககிட்ட அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க பதினாலு பேர் இருக்காங்க."

பெற்றோர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அம்மையார் தொடர்ந்து, விளையாட்டு இங்கே முழுச் சுதந்திரத்தோடு நடப்பதாகவும், அது பத்து இருபதுக்குத் தொடங்கிப் பத்து நாற்பதுக்கு முடிந்துவிடும் என்றும் விளக்கினார். முற்றத்தில் மணல்தொட்டி ஒன்று தார்ப்பாயால் மூடிக் கட்டியிருந்தது. வந்து ஒரு வருடம் ஆகியும் மணல் அப்படியே புதுசாக இருப்பதைத் தார்ப்பாயின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார்.

கூட்டின் வாசலில் தொடங்கி வெளிக்கதவு வரை தரையில் மஞ்சள் கோடுகள் போட்டிருந்தன. கண்ணாடி எண்ணினான். பதினொன்று.

"பிரிவுப் பயிற்சி" என்றார் அம்மையார். "முதல் நாள் முதல் கோட்டுல நிப்பீங்க. ரெண்டாம் நாள் ரெண்டாவது. பதினோராம் நாள் கேட்டுக்கு வெளிய. குழந்தைங்களுக்கு இல்ல, உங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி."

கண்ணாடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரே நாளில் கேட் வரைக்கும் நடந்தால் கால் சுளுக்கிக்கொள்ளுமா என்று கேட்டான். பிறகு, கேட்காத பெற்றோருக்கும் சேர்த்து, லிஃப்ட் மெக்கானிக்கின் வாழ்க்கைத் தத்துவத்தை எடுத்துரைத்தான்.

"ஏத்தி விட்டமா, கதவு மூடிச்சா, நம்ம வேலையப் பாத்துக்கிட்டுப் போனமா. அவ்வளவுதாங்க. பதினாலு வருஷமா ஜனங்களை ஏத்தி விடறேன். ஒரு நாள் வாசல்ல நின்னு கண்ணக் கசக்கினது கிடையாது."

ஓரிருவர் சிரித்தார்கள். அந்த ஊக்கத்தில் அவன் பக்கத்துச் சந்துக்குள் எட்டிப் பார்த்தான். கூட்டின் வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே, கண் மட்டத்தில் ஒரு ஓட்டை. அதைச் சுற்றி ஒரு கன்னத்தின் அளவுக்குச் சுவர் மழமழவென்று தேய்ந்திருந்தது.

"இது யாரோட கன்னம்?" என்று காவலாளியிடம் கேட்டான்.

"எல்லாரோடதும்தான் சார்" என்றார் காவலாளி.

அம்மையார் இதற்குச் சங்கடப்படவில்லை. "அதை ரெண்டு தடவை அடைச்சுப் பாத்தோம். சேர்க்கை கொறைஞ்சுது" என்றார்.

அடுத்த வாரம் தயார்நிலைப் பரிசோதனை. மேஜை மேல் ஒரு சிவப்புக் கோப்பை, ஒரு நீலக் கோப்பை. எது உனக்குப் பிடித்திருக்கிறது என்று வழித்துணை கேட்டார். நட்டு இரண்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றார் வழித்துணை. அப்புறம் எதுக்கு ரெண்டு என்றாள் நட்டு. வழித்துணை அடுத்திருந்த வழித்துணையைப் பார்த்தார். இருவரும் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். 'கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்கிறார்' என்று தாளில் ஏறியது. கண்ணாடிக்கு மகளை நினைத்து நெஞ்சு நிறைந்தது. பின்பக்கம் பார்க்கிற ரத்தம்.

அடுத்த கட்டம், பெற்றோர் ஒரு நிமிடம் வெளியே போய் நிற்க வேண்டும். நின்றார்கள். உள்ளே நட்டு கதவுக்கு அடியில் வைத்திருந்த ரப்பர் கட்டையைப் பிடுங்கி ஆராய்ந்துகொண்டிருந்தாள். அழவில்லை. 'பற்றுதல் போதாது' என்று எழுதினார்கள்.

"அப்ப அழுதிருந்தா பாஸா?" என்று கேட்டான் கண்ணாடி.

"அழுதா தயாராகலைன்னு அர்த்தம் சார்."

"பின்ன என்னதான் செய்யணும்?"

"அழணும் சார். ஆனா அளவா."

"எவ்வளவு?"

"அதை வெளிய சொல்றது இல்ல. மத்த பேரண்ட்ஸ் எல்லாம் வீட்லயே பழக்கிக் கூட்டிட்டு வந்துடறாங்க."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தயார்நிலைக் காலம் என்று ஒன்று உண்டு. அது ஒன்பது நாள் நீடிக்கும். அதற்கு முன்னால் சேர்த்தால் அவசரம், பின்னால் சேர்த்தால் தாமதம். நட்டுவின் பிறந்த தேதியை வைத்துக் கணக்கிட்டதில், அவளுடைய ஒன்பது நாளும் சென்ற மாதமே வந்து போய்விட்டது. கண்ணாடி நாட்காட்டியைப் புரட்டினான். அந்த ஒன்பது நாளும் வளர்சூழலுக்கு ஆண்டு விடுமுறை. கடிதத்தோடு ஓடிப்போய்க் கேட்டான்.

"வருத்தமான விஷயம்தான்" என்றார் அம்மையார். "ஒவ்வொரு வருஷமும் நெறைய குழந்தைங்க லீவுலதான் தயாராகுது."

வீட்டில் மனைவி நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது நாள் மிச்சம். கண்ணாடி ஈரச் சுவரிலிருந்து தொடங்கினான். தார்ப்பாய், பதினான்கு பேர், அளவான அழுகை என்று ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தான். அடுத்த தெருவில் உள்ளது எப்படி என்று அவள் கேட்டாள். அங்கே வாசல் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கமா வெளிப்பக்கமா என்றே சொல்ல மறுக்கிறார்கள் என்றான். இன்னொன்று? அங்கே எல்லோரும் தேவைக்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள்.

அவள் மடித்ததைக் கீழே வைத்தாள். ஊசி குத்தும் முன் நரம்பைத் தேடுகிறவள் அவள். குரல் உயர்த்திப் பழக்கமில்லை.

"ஏங்க, எல்லாரும் திருடன்னே வெச்சுக்குவோம். நமக்கு எந்தத் திருடன் வேணும்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணாம் தேதி நான் போகலைன்னா என் நாற்காலியில வேற ஒருத்தி உக்காந்துடுவா. அப்புறம் அவளை எழுப்ப முடியாது."

ஒருவனும் வேண்டாம், நட்டு என்னோடு வேலைக்கு வரட்டும் என்று அறிவித்தான் கண்ணாடி. லிஃப்டைவிட நல்ல பள்ளிக்கூடம் உலகத்தில் இல்லை, எண் இருக்கிறது, எழுத்து இருக்கிறது, ஏற்றம் இருக்கிறது, இறக்கம் இருக்கிறது, ஒளிவு மறைவு மட்டும் இல்லை என்றான். மறுநாள் காலை மனைவி நட்டுவின் தண்ணீர் பாட்டிலை அவன் கருவிப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் நான்கு நாள் அமோகமாகப் போயிற்று. நட்டு கீழ்த்தளக் கூடத்தில் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வாள். கூட வேலை செய்கிறவன் பார்த்துக்கொள்வான். அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் ஒன்றரை வயதிலிருந்தே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகின்றன. எந்தப் பள்ளி என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். நான்கு நாளில் நட்டு பன்னிரண்டு வரை எண்ணக் கற்றாள். மேல் அம்பு, கீழ் அம்பு தெரிந்துகொண்டாள். ஏறுகிறவர்களிடம் எத்தனாவது மாடி என்று விசாரித்தாள். ஓடி வரும் நண்பருக்காகக் கதவு இடுக்கில் கையை விட்டுக்கொண்டு நிற்பவர்களிடம், அப்பா நாளுக்கு நூறு முறை சொல்வதை அதே குரலில் சொன்னாள்: "கைய எடுங்க. கதவு மூடணும்."

"பாத்தியா?" என்றான் கண்ணாடி. "பயிற்சி எடுத்தவங்க பதினாலு பேர் இல்லாமயே."

"டேய் கண்ணாடி, உன் பள்ளிக்கூடத்துல மொத்தம் ஒரு புள்ளதான்டா இருக்கு" என்றான் கூட்டாளி. "அதுவும் சொந்தப் புள்ள."

ஐந்தாம் நாள், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், கூட்டாளி பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தலையைக் குனிந்தான். நிமிர்ந்தபோது பெட்டி மேல் ஆள் இல்லை. காய்கறிப் பையோடு லிஃப்டில் ஏறிய ஒரு அம்மாளின் பின்னாலேயே நட்டு ஏறிப் போயிருந்தாள். அந்த லிஃப்ட் ஒரு மாடி ஏற எத்தனை நொடி என்பது கண்ணாடிக்குத் தூக்கத்திலும் தெரியும். எந்த மாடி என்பது தெரியவில்லை. படிக்கட்டில் ஓடினான். ஒவ்வொரு தளத்திலும் கூப்பிட்டான். நான்கு நிமிடம் ஆயிற்று. பதினான்கு வருடத்தில் அவன் எந்தக் கயிற்றையும் அவ்வளவு நம்பாமல் இருந்ததில்லை.

நான்காம் மாடி நடைபாதையில் அவள் இருந்தாள். அந்த மாடிப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தரையில் உட்கார வைத்து, வீடுகளின் வாசலில் கிடந்த செருப்புகளை எல்லாம் ஒரே வரிசையாக அடுக்கவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். கூப்பிடாமலே வந்து நிற்கிற லிஃப்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வா போலாம்" என்றான், மூச்சு வாங்க.

"நீ போ" என்றாள் நட்டு. "எனக்கு ஆளு வந்திருச்சு."

தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் அழுதாள். அளவாக இல்லை. அன்று மாலை மனைவியிடம் பாதியைச் சொன்னான். மீதியைக் கூட்டாளி ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியிருந்தான். அவள் இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒன்றாம் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது வளர்சூழலிலிருந்து சேர்க்கை அலுவலர் அழைத்தார். ஓர் இடம் காலி.

"எப்படி?"

"அந்த நிச்சயமான ஜோடி பிரிஞ்சுட்டாங்க சார். மாப்பிள்ளையோட அம்மா வேற ஒரு வளர்சூழல்ல ஏற்கெனவே எழுதி வெச்சிருந்தாங்களாம். குழந்தை எங்க சேரணுங்கிறதுல ஒத்துப்போகல."

"எங்க பொண்ணுக்குத் தயார்நிலைக் காலம் முடிஞ்சு போச்சுன்னீங்களே?"

"எடம் காலியா இருக்கறப்ப காலம் கொஞ்சம் நீளும் சார்."

இப்படி, பிறக்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்ட ஒரு குழந்தையின் நாற்காலி நட்டுவுக்குக் கிடைத்தது. இதில் ஏதோ இருக்கிறது என்றான் கண்ணாடி. இருக்கட்டும் என்று மனைவி டிபன் டப்பாவின் மூடியில் நட்டுவின் பெயரை ஒட்டினாள்.

ஒன்றாம் தேதி அவள் ஆறரைக்கே நிலையத்துக்குக் கிளம்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடி நட்டுவை அழைத்துப் போனான். அலுவலர் பிரிவுப் பயிற்சி ஒப்புதல் படிவத்தை நீட்டினார். தனக்கு அது தேவைப்படாது என்று கண்ணாடி கையெழுத்துப் போடாமல் திருப்பித் தந்தான். அலுவலர் வற்புறுத்தவில்லை. "இங்கயே இருக்கும் சார்" என்று மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

கூட்டின் வாசலில் ஒரு பையன் தூணைக் கட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தான். நட்டு அப்பாவின் விரலை விட்டாள். நேராக அவனிடம் போய், "எத்தனாவது மாடி?" என்று கேட்டாள். பையன் அழுகையை நிறுத்தி யோசித்தான். "ரெண்டு" என்றான். இருவரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏற்றி விட்டாயிற்று, கதவும் மூடிவிட்டது. இனி அவன் வேலையைப் பார்க்கப் போக வேண்டியதுதான். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் ஷூ கயிறு தளர்ந்திருப்பதாகத் தோன்றியது. குனிந்து பார்த்தான். தளரவில்லை. இருந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு கதவின் கீல் ஒரு மாதிரி முனகுவதாகப் பட்டது. அதைக் கேட்க நின்றான். கோட்டின் மேல் இல்லை, கோட்டுக்குப் பக்கத்தில்.

ஆறாம் நாள், கையெழுத்துப் போட்ட பெற்றோர் எல்லாம் ஆறாவது கோட்டில் வரிசையாக நின்று, நேரப்படி பெருமூச்சு விட்டுவிட்டுக் கலைந்தார்கள். கண்ணாடி முதல் கோட்டுக்குப் பக்கத்திலேயே கீலைக் கேட்டுக்கொண்டிருந்தான். கூட்டாளி போன் செய்தான். "டேய், இங்க லிஃப்ட் நிக்குது. நீ எங்கடா நிக்கற?" ஒரு கதவு சந்தேகமாக இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றான் கண்ணாடி. அது பொய்யும் அல்ல.

எட்டாம் நாள் சந்துக்குப் போனான். ஓட்டைக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். காவலாளி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் ஐந்தாவது இடத்தைக் காட்டினார். கண்ணாடிக்கு வரிசையில் நிற்க மனசு வரவில்லை. பையிலிருந்து கம்பியை எடுத்து, ஒவ்வொரு கணுவாக இழுத்து நீட்டி, வரிசைக்குப் பின்னாலிருந்தே ஜன்னலுக்குள் விட்டான்.

வட்டத்துக்குள் முதலில் கூரை வந்தது. பிறகு பயிற்சி எடுத்தவர்களில் மூன்று பேர், கற்றுத்தராமல், சுவரோரம் நின்றார்கள். அதற்கும் அப்பால் நட்டு. தரையில் செருப்புகளைச் சதுரமாக அடுக்கியிருந்தாள். சதுரத்துக்குள் ஏழெட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். தூணைக் கட்டிக்கொண்டு அழுத பையன்தான் பொத்தான் அழுத்துகிறவன். ஈரம் தெரிகிறதா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று வட்டத்தைத் திருப்பத் தோன்றவில்லை அவனுக்கு. கம்பியை இன்னும் ஒரு கணு உள்ளே நீட்டினான். வட்டத்தில் அடித்த வெயில் உள்ளே சுவரில் ஒரு ஒளிப்பொட்டாக ஆடியது.

நட்டு பொட்டைப் பார்த்தாள். அது வந்த வழியைப் பார்த்தாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி ஜன்னலுக்கு வந்தாள்.

"அப்பா."

"ம்."

"கைய எடு" என்றாள். "கதவு மூடணும்."

அவளுக்குப் பின்னால் சதுரத்துக்குள் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவன் கையை எடுத்தான். கம்பியை ஒவ்வொரு கணுவாக மடக்கிப் பையில் வைத்தான். நேராகச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போய், யாரும் சொல்லாமலே முழங்கால் உயர நாற்காலியில் உட்கார்ந்தான். அலுவலர் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்து வைத்தார். மேலாகவே இருந்தது. கண்ணாடி அதைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டான். இத்தனை நாள் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றதை அலுவலர் முதல் நாளாக வரவு வைத்துக்கொண்டார்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, இரண்டாவது கோட்டில், பெருவிரல் மஞ்சளைத் தாண்டாமல் பார்த்து நின்றுகொண்டான்.